இடது பின்னங்கால் நீங்கலாக

துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் எங்கள் பக்கம் சாலையோரமாக வரிசை கட்டி நிற்கும். வரிசை வெகுநேரம் நகராது. பிறகு திடீரென்று நகரும். அப்படி நகர்ந்த ஒரு காலையில்தான் எங்கள் நாயின் இடது பின்னங்கால் ஒரு டிரெய்லரின் சக்கரத்தில் மாட்டியது. அது தெருவில் படுக்கிற நாய் இல்லை. திருவொற்றியூரில் ஒரு முதல் மாடி வாடகை வீட்டில் எங்களோடு இருக்கிற நாய். அன்றைக்கு நான் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தேன். என் மனைவி வண்ணாரப்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கீழ்க்கதவைத் திறந்து போட்டது யார் என்று நாங்கள் இருவரும் இன்று வரை பேசிக்கொண்டதில்லை.

டீக்கடைக்காரர் கீழே இருந்து கூப்பிட்ட குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குவதற்குள் அவள் நாயைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். லாரி டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது. கையை மட்டும் கூப்பிக்கொண்டே இருந்தார். ஷேர் ஆட்டோக்காரர்கள் ரத்தத்தைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டிப் போய்விட்டார்கள். கடைசியில் ஒருவர், சீட்டில் சாக்கு விரிக்கச் சொல்லி ஏற்றிக்கொண்டார்.

காலடிப்பேட்டையில் ஒரு பெண் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறார். நாய், பூனை, ஆடு எல்லாம் பார்ப்பார். வலிக்கு ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்து, படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார். எலும்பு ஒடிந்திருக்கவில்லை, நொறுங்கியிருந்தது.

"பெரிய ஆபரேஷன்மா. பிளேட் வைக்கணும். இல்லன்னா காலை எடுத்துடலாம், மூணு கால்ல நல்லாவே நடக்கும். ரெண்டும் முடியாதுன்னா, வலி தெரியாம தூங்க வெச்சிடலாம். தப்பில்ல. யோசிச்சுச் சொல்லுங்க." சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார்.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவள், "பிளேட்டே வெச்சிடுங்க" என்றாள். வேறொரு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பணம் எப்படிப் புரட்டினோம் என்பது இங்கே வேண்டாம். எல்லாரும் எப்படிப் புரட்டுவார்களோ அப்படித்தான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நாயைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம் என்று நினைப்பார்கள். சொன்னாலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவளிடம் யாராவது அப்படிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அது நாய், நாயாகவே இருக்கட்டும் என்பாள். அவள் நெட்டுக்குப்பம் என்ற மீனவர் குப்பத்தில் பிறந்தவள். அங்கே படகு ஏற்றி வைக்கும் மணலில் ஒரு பெட்டை நாய் குட்டி போட்டு, அதில் ஒன்றை அவள் தம்பி ஒரு மீன் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். அதுதான் இது. செம்மண் நிறம். மீன் வாசனை வந்தால் தூக்கத்திலும் மூக்கு ஆடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு இடுப்பு வலிக்கிறது. நாய் படி இறங்கக் கூடாது. ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கவும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் நான் தூங்க வேண்டியவன், தூங்காமல் தூக்கினேன். நான் வேலைக்குப் போனதும் அவள் தூக்கினாள். இருவரும் வாசலில் மாற்றிக்கொள்ளும்போது பேசியதெல்லாம் 'போச்சா', 'போச்சு' என்பதுதான்.

அந்த நாட்களில் ஒருநாள், நாய்க்குக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது, நிமிராமலே சொன்னாள்:

"அன்னிக்கு டாக்டரம்மா கேட்டாங்கோ இல்ல, அப்போ நா உடனே சொல்லலய்யா. கணக்குப் போட்டேன். அது என்னியே பாத்துகினு கீது, நா உள்ளுக்குள்ள கணக்குப் போட்டுகினு கீறேன்."

நானும் போட்டேன் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள், தெரியும் என்பது போல. கொஞ்ச நேரம் கழித்து, "அப்டி ஒரு கேள்விய இன்னொரு வாட்டி காசு இல்லாம நின்னுகினு கேக்க முடியாது என்னால" என்றாள்.

கட்டுப் பிரிக்கப் போன நாளில் டாக்டர்தான் பேச்சுவாக்கில், இப்போது நாய்களுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொன்னார். நிறைய பேருக்குத் தெரிவதில்லை, நீங்கள் விசாரித்துப் பாருங்கள் என்றார். அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆகவே விசாரிக்கும் வேலை எனக்கு வந்தது.

எனக்கு இன்சூரன்ஸ் என்ற சொல்லே அலுத்துப்போன சொல். கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை, உள்ளே வரும் பெட்டிகளைச் சுற்றி வந்து பார்த்து எழுதுவது. எண் சரியா, சீல் இருக்கிறதா, எங்கே ஒடுக்கு விழுந்திருக்கிறது. பெட்டி சேதமானால் இன்சூரன்ஸ் சர்வேயர் வருவார். இது பழைய ஒடுக்கு, இது புது ஒடுக்கு என்று பிரிப்பார். பழைய ஒடுக்குக்குப் பணம் கிடையாது. இந்தத் தகராறை வெயிலில் நின்று பல வருஷம் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அதையே நாய் விஷயத்தில் கேட்கப்போகிறோம் என்று அப்போதே எனக்கு மனசுக்குள் பட்டது.

பகலில் தூங்கி எழுந்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்வேன். ஒரு இடத்தில் பாட்டுப் போட்டுக் காக்க வைப்பார்கள், பாட்டிலேயே லைன் அறுந்துவிடும். இன்னொரு இடத்தில் பேசிய பெண் முதலில் காருக்கா பைக்குக்கா என்று கேட்டார். நாய்க்கு என்றதும் சிரிக்கவில்லை, அந்த மட்டில் நல்ல பெண். என்ன பிரீட் சார் என்றார். நாட்டு நாய் என்றேன். அந்தப் பட்டியலில் அது இல்லையாம். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், சொல்லவில்லை. இதை மனைவியிடம் சொன்னபோது, "நெட்டுக்குப்பம்னு எழுது, அதுக்கு இன்னா இப்போ" என்றாள்.

ஒரு வழியாக மூன்று திட்டங்கள் கைக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவளுக்குப் படித்துச் சொன்னேன்.

முதலாவது, நாய் இறந்துபோனாலோ திருடுபோனாலோ பணம். இறந்தால் போஸ்ட்மார்ட்டம் சான்றிதழ் வேண்டும், திருடுபோனால் போலீஸில் புகார் வேண்டும். யாரையாவது கடித்தால் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதையும் அவர்கள் கொடுப்பார்கள். சந்தா குறைவு. அவள் முழுதாகக் கேட்டுவிட்டு, "செத்தப்புறம் எனுக்கு எதுக்கு அது? உசுரோட கீறப்போ குடுக்கறது எதுனா கீதா பாரு" என்றாள்.

இரண்டாவது, போனிலேயே வீடியோவில் டாக்டரிடம் காட்டலாம், மருந்துக்குத் தள்ளுபடி, குளிப்பாட்டக் கூப்பன். ஆபரேஷன் பற்றி ஒரு வரி இருந்தது, அந்த வரிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பக்கம் இருந்தது. குளிப்பாட்டுவதைப் படித்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது, மருத்துவமனையில் சேர்த்தால், ஆபரேஷன் செய்தால் ஒரு வரம்பு வரைக்கும் கொடுப்பார்கள். அதிலும் ஒரு பங்கு நாம் போட வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்ச நாளைக்கு நோய் எதற்கும் கிடையாது, விபத்துக்கு மட்டும்தான். ஏற்கெனவே இருக்கும் குறைக்கு எப்போதும் கிடையாது. வயது ஏற ஏறச் சந்தா ஏறும், குறிப்பிட்ட வயதுக்கு மேல் எடுக்கவே மாட்டார்கள்.

படித்துக்கொண்டிருக்கும்போதே என் மச்சான், அதாவது அவள் தம்பி, மீனோடு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். முகத்துவாரத்தில் இப்போது கிடைப்பது கொஞ்சம்தான், அதில் நல்லதாக எடுத்துவைத்து அக்காவுக்குக் கொண்டுவருவான். கூடையை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இருமினான். அவன் இருமல் பழைய இருமல். அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசி என்பான், பீடி என்று அவள் சொல்வாள், இரண்டுமாக இருக்கலாம். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டான். சொன்னேன். நாய் அவன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. அவன் அதன் காதைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

"நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்குறியேக்கா, எனுக்கு எடுத்தியா?"

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அவள் மீனைக் கழுவ எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எனக்கும் கையில் இருந்த தாளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அரசாங்கக் காப்பீட்டு அட்டை உனக்கு இல்லையா என்று அவள் கேட்டாள். இருந்ததாம். வீட்டுக்குள் தண்ணீர் வந்த வருஷம் எல்லாத் தாளோடும் போய்விட்டதாம். திரும்ப எடுக்க அலைய வேண்டும், அலைந்தால் தொழில் கெடும், விடு என்றான். சாப்பாடு ஆனதும் அவன் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அவள் தாள்களைச் சுருட்டி அலமாரி மேல் போட்டாள். நாய் இன்சூரன்ஸ் பேச்சு சில வாரம் எழவில்லை. அவள் தையல் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, தம்பியை இழுத்துக்கொண்டு வருமானச் சான்றிதழுக்கும் அட்டைக்கும் அலைந்தாள். ஒரு இடத்தில் சர்வர் வேலை செய்யாது, ஒரு இடத்தில் கைரேகை விழாது. வலை இழுத்து இழுத்து ரேகையே தேய்ந்த கை அவனுடையது. விரலை எலுமிச்சம்பழத்தில் தேய்த்து, துடைத்து, மறுபடி வைத்து, ஒருவாறு விழுந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "முடிஞ்சிது. அடுத்து அந்த நாய்ப் பேப்பர எடு" என்றாள். எனக்கு அழுகை வருகிற மாதிரி அலுப்பாக இருந்தது. எடுத்தேன்.

மூன்றாவது திட்டம்தான் என்று முடிவு செய்து சொன்னோம். நாயை நேரில் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். வந்தவர் முப்பது வயதுக்காரர், தோளில் பை, கையில் ஹெல்மெட். படியிலேயே நின்றுகொண்டு, நாயைக் கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். வழக்கமாக இடிபட்ட கார்களைப் பார்க்கிற ஆளாம். நாய் பார்க்க வருவது புதிது. சின்ன வயதில் கடி வாங்கியிருக்கிறார், வாங்கிய இடம் முழங்காலுக்குக் கீழே என்று காட்டக்கூடச் செய்தார். என் மனைவி நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு, அவருக்கு மோர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். காலையிலிருந்து அலைகிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

தூரத்தில் நின்றே போட்டோ எடுத்தார். முன்னால், பின்னால், இரண்டு பக்கம், மூக்கு மட்டும் தனியாக. நாய்க்கு மூக்கு நமக்குக் கைரேகை மாதிரியாம். பிறகு நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அவள் நாயை வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் நடத்திக் கூட்டி வந்தாள். அது நன்றாகத்தான் நடந்தது. திரும்பும்போது மட்டும் இடது பின்னங்காலைக் கொஞ்சம் தூக்கிப் போட்டது. அவர் குனிந்து அந்தத் தழும்பைப் போட்டோ எடுத்தார். எழுதினார். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய ஒடுக்கு.

"பாலிசி வரும் சார். ஆனா இடது பின்னங்கால் நீங்கலாகன்னு போட்டு வரும்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அந்தக் காலுக்கு என்ன வந்தாலும் கிடையாது, மற்ற உடம்புக்கு உண்டு.

"அப்போ மூணு காலுக்குத்தானே எடுக்குறாங்கோ? சந்தாவும் மூணு காலுக்குத்தான் வாங்கணும்" என்றாள் அவரிடம்.

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் உண்மையாகவே யோசித்துவிட்டு, அப்படி ஒரு ஸ்கீம் இல்லையம்மா என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. போகும்போது படியில் நின்று, தைரியமாக ஒரு விரலால் நாயின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், டாக்டரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவள் சொன்னாள். கிளினிக்கில் கூட்டம். ஒரு ஆட்டுக்கும் ஒரு பூனைக்கும் நடுவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. திட்டத்தைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"டாக்டரம்மா, இது இருந்தா, அன்னிக்குக் கேட்டீங்கோ இல்ல, அந்த மாதிரி இன்னொரு வாட்டி கேக்க மாட்டீங்களா?"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கேப்பேன்மா. கேக்காம என்னால வைத்தியம் பண்ண முடியாது. ஆனா காசு ஒண்ணு மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கும். வலி எவ்வளவு, வயசு எவ்வளவு, தாங்குமா தாங்காதா, அதை மட்டும் யோசிக்கலாம்."

வீட்டுக்கு வந்து அவள், சரி, போடு என்றாள். அவள்தான் சொந்தக்காரி என்று எழுதி, தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். நாய் என்ன இனம் என்ற இடத்தில் நான் நாட்டு நாய் என்றே எழுதினேன். பெயர் என்ற இடத்தில் நாங்கள் கூப்பிடும் பெயரை எழுதினேன். அது எங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

பாலிசி எடுத்த கொஞ்ச நாளிலேயே மழை தொடங்கியது. உண்ணி கடித்து நாய்க்குக் காய்ச்சல் வந்தது. நோய்க்குக் கிடையாது என்று சொன்ன அந்த ஆரம்ப நாட்கள் முடியவில்லை. கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி, பணத்தை நாங்களே கட்டினோம். கம்பெனிக்குப் போன் செய்யக்கூட எனக்குத் தெம்பில்லை. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது? வராந்தா நனைந்து கிடந்ததால் என் மனைவி உண்ணியை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டாள்.

அடுத்த வருஷம் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தது. கருத்தடை செய்யாமல் விட்ட பெட்டைகளுக்கு வருவதாம். தண்ணீராகக் குடித்தது, சாப்பிடவில்லை, வயிறு உப்பியது. தொட்டுப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. இன்றைக்கே கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை. "எடுத்துடுங்க" என்றாள் என் மனைவி. அவ்வளவுதான். நான் சுவரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நாய் பிழைத்தது. கம்பெனிதான் எளிதில் விடவில்லை. இனப்பெருக்கம் சம்பந்தப்பட்ட எதுவும் திட்டத்தில் சேராது என்று எழுதினார்கள். இது குட்டி போடும் விஷயம் இல்லை, உயிரைக் கொல்லும் தொற்று என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை அனுப்பினேன். வேறொரு தாள் கேட்டார்கள், அனுப்பினேன். ஏற்கெனவே அனுப்பியதை மறுபடி கேட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்து கண் எரிய எரிய உட்கார்ந்து மறுபடி அனுப்பினேன். ஒரு கட்டத்தில் வேண்டாம் விட்டுவிடலாம் என்று அவளிடமே சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "நீ பேசறது பேஜாரா இருந்தா நம்பரப் போட்டுக் குடு, நா பேசறேன்" என்றாள். பேசினாள். அந்தப் பக்கம் இருந்தவருக்கு அவள் பாஷை எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சில வாரம் கழித்துப் பணம் வந்தது, அவர்கள் பங்கு, எங்கள் பங்கு, வரம்பு எல்லாம் கழித்து. வந்தது என்னவோ வந்தது.

மச்சான் தன் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறான். இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் கடலுக்குப் போகாதே என்பார்கள், அதற்கு எந்த அட்டை சோறு போடும் என்கிறான். அக்காவும் தம்பியும் இதற்கு வாராவாரம் சண்டை போடுகிறார்கள்.

இந்த வருஷம் புதுப்பிக்கச் சொல்லி போனில் செய்தி வந்தபோது சந்தா ஏறியிருந்தது. இன்னும் சில வருஷத்தில் அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். கட்டுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது அவளைக் கேட்டேன். அவள் வீட்டுத் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டு, அதில் பழைய துணியை ஓட்டி எண்ணெய்க் கறை எடுத்துக்கொண்டிருந்தாள். சந்தாவை மத்தியானமே கட்டிவிட்டாளாம், தையல் கம்பெனிக்குப் பக்கத்துக் கடைக்காரர் போனில் போட்டுக் கொடுத்தாராம். எனக்கு அப்போதுதான் தோளில் இருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ரோட்டில் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் ஓரமாகவே நடந்து யார்டுக்குப் போனேன்.